ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்கு வீடு மாறிய கதை: லாரிக் கம்பெனிக்கு 5-க்கு மூன்றரை

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன்: 5-க்கு மூன்றரை. அந்தக் கடைசி அரை மார்க், ஆபீசில் போன் எடுத்த ஒரு பெண்ணுக்காக மட்டும். பெயரைப் போட்டு மானத்தை வாங்கும் அளவுக்கு அந்தக் கம்பெனி ஒன்றும் கொடுமை செய்துவிடவில்லை, அதனால் பெயர் வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்குச் சாமான் அனுப்பப் போகிற யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இங்கிலீஷ்காரர், லங்காஷயர். நான் கோயம்புத்தூர். 2013 அக்டோபரில் இங்கிலாந்து வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினில் அலிகாந்தே பக்கம் ஹலோன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். எழுத்தைப் பார்த்தால் ஜலோன் மாதிரி இருக்கும், வாயில் சொல்வது ஹலோன். பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சையும் பாதாமும், பிப்ரவரியில் பாதாம் பூத்தால் மலையடிவாரமே வெள்ளையும் ரோஸுமாக இருக்கும். சனிக்கிழமை பழைய சாமான் சந்தை கூடும், திரும்பின பக்கமெல்லாம் இங்கிலீஷ்தான் காதில் விழும். அன்றைக்குப் போகும்போது ஒரு வாடகை வேனில் சாமானை ஏற்றி இவரே ஓட்டிக்கொண்டு போனார், வழியில் ஒருத்தர்கூட ஒரு காகிதம் கேட்கவில்லை. 11 வருடம் கழித்துத் திரும்பி வர ஒரு லாரி, 9 பக்கப் பட்டியல், வரித்துறையின் அனுமதி எண் எல்லாம் தேவைப்பட்டன. நடுவில் பிரெக்ஸிட் என்று ஒன்று வந்து, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதே.

ஏன் திரும்பினோம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வயது, உடம்பு, அவருடைய அக்கா தனியாக இருப்பது என்று ஊருக்குச் சொன்ன காரணங்கள் இருக்கின்றன, எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்து விதை விழுந்தது காருக்குள். பிரிட்டிஷ் லைசென்ஸை 2020 முடிவதற்குள் ஸ்பெயின் லைசென்ஸாக மாற்ற ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். நான் செய்துகொண்டேன். இவர், "பார்த்துக்கலாம், ரெண்டு அரசாங்கமும் பேசித் தீர்த்துடுவாங்க" என்றார். அவர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். 2022 மே 1-ஆம் தேதி முதல், ஸ்பெயினில் குடியிருப்பவர்கள் பிரிட்டிஷ் லைசென்ஸை வைத்துக்கொண்டு வண்டியைத் தொடக் கூடாது என்றாகிவிட்டது. மறுபடி அனுமதித்தது 2023 மார்ச் 16. அந்தப் பத்தரை மாதமும் நான் ஓட்ட, நாற்பது வருடம் ஓட்டிய மனிதர் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஊருக்கே போய்விடலாமா என்ற பேச்சு முதலில் அந்த சீட்டிலிருந்துதான் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு 2009-லேயே பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்துவிட்டதால் நாங்கள் சாமானைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும் என்றிருந்தது. இல்லாவிட்டால் விசாக் கவலையும் சேர்ந்திருக்கும்: 2024 ஏப்ரலில், பிரிட்டிஷ்காரர்கள் வெளிநாட்டு மனைவியையோ கணவரையோ கூட்டிவரும் விசாவுக்கான வருட வருமான வரம்பை 18,600 பவுண்டிலிருந்து ஒரே தாவாக 29,000 பவுண்டாக்கிவிட்டார்கள். வருமானம் இல்லை, சேமிப்பைக் காட்டுகிறேன் என்றால் 88,500 பவுண்டு காட்ட வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர், மனைவி பிலிப்பைன்ஸ்காரர், பென்ஷன் அந்த வரம்பைத் தொடாததால் சொந்த நாட்டுக்கு மனைவியோடு திரும்ப முடியாமல் இன்னும் ஹலோனில்தான் இருக்கிறார். நல்ல இடம்தான். ஆனாலும் இருக்க ஆசைப்பட்டு இருப்பது வேறு, போக முடியாமல் இருப்பது வேறு இல்லையா.

சரி, கம்பெனிக்கு வருகிறேன்.

மூன்று இடத்தில் விலை கேட்டோம். முழு லாரி நமக்கே என்றால் நாலாயிரம் யூரோவுக்கு மேல். பகிர்வு லோடு, அதாவது நாலைந்து வீட்டுச் சாமானை ஒரே லாரியில் ஏற்றிவந்து ஒவ்வொரு ஊராக இறக்குவது, எங்கள் 14 கன மீட்டருக்கு 2,150 யூரோ. வீடியோ காலில் அறை அறையாகக் காட்டச் சொல்லி, அலமாரியைத் திறக்கச் சொல்லி, பத்தே நிமிடத்தில் 14 கன மீட்டர் என்றார்கள். கடைசியில் அளந்தபோது 14-தான் இருந்தது. அந்தக் கண்ணுக்கு ஒரு மார்க் கொடுக்கலாம்.

அப்புறம் ஆரம்பித்தது பட்டியல். வெளிநாட்டில் குறைந்தது 12 மாதம் தொடர்ந்து குடியிருந்துவிட்டுப் பிரிட்டனுக்குக் குடிவருகிறவர், 6 மாதமாவது தன்னிடம் வைத்துப் பயன்படுத்திய சாமானை வரி இல்லாமல் கொண்டுவரலாம். குடியிருப்பு மாற்றச் சலுகை என்று சொல்லலாம், விண்ணப்பம் வரித்துறையான ஹெச்.எம்.ஆர்.சி-க்குப் போகும். பாஸ்போர்ட், ஸ்பெயினில் இருந்ததற்கான அத்தாட்சி, பிரிட்டனில் தங்கப் போகிற விலாசத்துக்கான அத்தாட்சி, அதோடு ஒவ்வொரு சாமானின் பட்டியல். அனுமதி எண் வராமல் லாரியை எல்லைக்குக் கொண்டுபோனால் வரி கட்டச் சொல்வார்கள். எங்களுக்கு எண் வர 3 வாரம் ஆனது. லாரி புக் பண்ணுவதற்கு முன்பே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள், நாங்கள் தலைகீழாகச் செய்து தேதியை ஒருமுறை தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

ஆபீஸ் பெண்ணை நான் மெச்சுவது இந்த இடத்தில்தான். "சமையலறைச் சாமான், 5 பெட்டி" என்று எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பினார். "பலவகை, இதர, மற்றவை, இந்த மூணு வார்த்தையும் இருந்தால் கஸ்டம்ஸில் பெட்டியைத் திறப்பார்கள், விரித்து எழுதுங்கள்" என்றார். விரித்து எழுதினேன். மறுநாள் போன்.

"74-ஆவது சாமான், ஸ்டோன் கிரைண்டர் என்று போட்டிருக்கிறீர்கள். இரும்பு அறுக்கிற மிஷினா?"

"இல்லை, மாவு அரைப்பது."

"கோதுமை மாவா?"

"ஊறவைத்த அரிசியும் உளுந்தும். உள்ளே கல் இருக்கும்."

"எத்தனை ஸ்டோன்?"

"மூன்று."

"மூணு ஸ்டோனா, அப்படியென்றால் கிட்டத்தட்ட 19 கிலோ, சரி."

நான் சொன்னது உள்ளே சுற்றுகிற குழவிக்கல்லின் எண்ணிக்கை. இங்கிலாந்தில் ஸ்டோன் என்பது எடைக் கணக்கு, 14 பவுண்டு ஒரு ஸ்டோன், மனுசர்கள் உடம்பு எடையைக்கூட அதில்தான் சொல்வார்கள். கால் மணி நேரம் இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு "சமையலறை மின்சாதனம், பழையது, 1" என்று அவரே எழுதிக்கொண்டார். கோயம்புத்தூரில் 2005-ல் வாங்கிய டில்டிங் கிரைண்டர் அது. எங்கள் அக்கா போனில், "ஊரு ஊரா அதையேண்டி தூக்கிட்டுத் திரியற, அங்க மிக்ஸி கிடைக்காதா?" என்றாள். மிக்ஸியில் அரைத்த இட்லியை அவள் சாப்பிடுவாளா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

பட்டியலில் வராதது மது. அந்தச் சலுகை மதுவுக்கும் புகையிலைக்கும் கிடையாது, கம்பெனியும் ஏற்ற மாட்டேன் என்றது. இவர் ஊர்க் கூட்டுறவு ஒயின் ஆலையிலிருந்து வாங்கிச் சேர்த்தது முப்பது பாட்டிலுக்கு மேல் கிடந்தது. காரில் போயிருந்தால் ஆளுக்கு 18 லிட்டர் ஒயின் வரியில்லாமல் கொண்டுபோகலாம், ஆனால் நாங்கள் காரை விற்றுவிட்டு விமானத்தில் போவதாக ஏற்பாடு. கடைசி வாரம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கையில் பாட்டிலோடு திரும்பினார்கள். தபால்காரர் இரண்டு தடவை வந்தார், எங்களுக்கு அவ்வளவு தபால் வந்ததாக நினைவில்லை.

ஏற்றுகிற அன்று வந்தது முதல் சண்டை. எங்கள் தெரு குறுகல், பெரிய லாரி உள்ளே வராது. வீடியோ காலிலேயே ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டியிருந்தேன். அப்போது "ஒண்ணும் பிரச்சினையில்லை" என்றவர்கள், அன்று காலை எட்டு மணிக்கு, சின்ன வேனில் நாலு நடை அடித்து ஊருக்கு வெளியே நிற்கும் லாரியில் ஏற்ற வேண்டும், அதற்குத் தனியாக 180 யூரோ என்றார்கள். சாமானெல்லாம் நடுக்கூடத்தில் இருக்கும்போது என்ன பேரம் பேசுவது? கொடுத்தோம். ஒரு மார்க் போயிற்று. வந்த இரண்டு பேரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் ருமேனியாக்காரர், ஒருவர் இங்கிலாந்தில் போல்டன் பக்கம். கண்ணாடிச் சாமானைப் பபிள் ரேப்பில் சுற்றிய வேகத்தைப் பார்த்தால் பூக்காரம்மா பூக்கட்டுவது மாதிரி இருந்தது. ஆனால் கிரைண்டரை நான் யாரையும் தொட விடவில்லை, நானே இரண்டு போர்வை வைத்துச் சுற்றிப் பெட்டியில் வைத்து செலோடேப் ஒட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்கட்டில் ஆறு அட்டைப்பெட்டி. 2013-ல் வந்தபடியே இருந்தவை, மேலே இவர் கையெழுத்து, உள்ளே அந்த வருடத்து இங்கிலீஷ் பேப்பர் சுருட்டல். பதினொரு வருடமாகத் திறக்காததை எதற்குத் திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்றேன், கன மீட்டருக்குக் காசு கொடுக்கிறோமே. "ஊருக்குப் போனா வேணும்னுதானே வச்சேன், இப்பதானே ஊருக்குப் போறோம்" என்றார். இந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பட்டியலுக்காக மேல்மூடியை மட்டும் திறந்து எட்டிப் பார்த்து, "புத்தகம், ரேடியோ, டீப்பாட், மேசை இழுப்பறைச் சாமான்" என்று எழுதிக்கொடுத்து மறுபடி மூடினார்.

10 முதல் 14 நாளில் வந்துவிடும் என்றார்கள். வந்தது 31-ஆவது நாள்.

லங்காஷயர் கடற்கரையில் மோர்கம் என்ற ஊர், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. அலை வற்றினால் மணல் மைல் கணக்கில் தெரியும், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை காற்றடைத்த மெத்தையில் படுத்தோம், ராத்திரி மூன்று மணிக்கெல்லாம் காற்று இறங்கித் தரை முதுகில் இடிக்கும். முதல் நாளே வாங்கியது ஒரு கெட்டில், இரண்டு கப், ஒரு பொட்டலம் டீத்தூள் பை. மற்றதெல்லாம் லாரியில்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அபிப்பிராயம் ஊறும். ஹலோனில் இருந்த வரை, மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுகிற நாடு உருப்படுமா என்று கேட்டவர் இவர். மோர்கம் வந்த முதல் வாரம் ஒரு பப்புக்குப் போனோம், மணி மூன்றே கால், சமையல் முடிந்துவிட்டது, சிப்ஸ் பாக்கெட் வேண்டுமானால் தருகிறேன் என்றார்கள். நாலு மணிக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு சிப்ஸ் தின்றபடி, எப்போது பசிக்க வேண்டும் என்று கடைக்காரனா முடிவு பண்ணுவது என்று பொரிந்து தள்ளினார். அங்கே ஜன்னலுக்கு இறக்குகிற பெர்சியானா ஷட்டர், அறையை மாட்டுத் தொழுவம் மாதிரி ஆக்குகிறது என்பார். இங்கே தெருவிளக்கு திரைச்சீலை வழியாக முகத்தில் அடிக்க, ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து ஜன்னலில் அட்டைப்பெட்டியை ஒட்டினார். முதல் வகுப்புத் தபால்தலை நாங்கள் போகும்போது 60 பென்ஸ், வரும்போது 1 பவுண்டு 65 பென்ஸ். இதைக் கேட்டுவிட்டுத் தபால் அலுவலகத்திலிருந்து ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, அக்காவுக்கு எழுதிய கடிதத்தை இரண்டு மைல் நடந்து போய்க் கையில் கொடுத்தார். புகழ்ந்தது ஒன்றை மட்டும்: டாக்டரிடம் பதிவு. விலாச அத்தாட்சிகூடக் கேட்கவில்லை, படிவத்தை நிரப்பினோம், முடிந்தது. பல் டாக்டர் கதையைக் கேட்காதீர்கள், அரசுக் கட்டணத்தில் பார்ப்பவர் யாரும் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

லாரி ஏன் வரவில்லை என்று 19-ஆவது நாள் வரை யாரும் சொல்லவில்லை. மெயில் போட்டால் "வழியில் இருக்கிறது" என்று ஒரே வரி. கடைசியில் நானே போன் செய்து அந்தப் பெண்ணைப் பிடித்தேன். அவர் ஒளிக்கவில்லை. அதே லாரியில் சாமான் ஏற்றிய இன்னொருவர், அப்போதுதான் வாங்கிய புத்தம் புது எலக்ட்ரிக் சைக்கிளைப் பட்டியலில் எழுதாமல் சோபாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாராம். ஒருவர் காகிதம் சரியில்லையென்றால் மொத்த லாரியும் நிற்கும். பகிர்வு லோடு மலிவாக இருப்பதற்கு விலை இதுதான், இதை புக் பண்ணும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தாமதத்துக்குக்கூட நான் மார்க் குறைக்கவில்லை, "வழியில் இருக்கிறது" என்ற அந்த வரிக்குத்தான் இன்னொரு அரை மார்க் குறைத்தேன்.

வந்து இறக்கியதில் குறை இல்லை. சோபா வாசலில் நுழையவில்லை, கதவைக் கழற்றி, சோபாவின் காலைக் கழற்றி, போல்டன்காரர் உள்ளேயிருந்து இழுக்க ருமேனியாக்காரர் வெளியே இருந்து தோளால் தள்ளி, பிள்ளைப்பேறு மாதிரி உள்ளே வந்தது. கதவைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் சுற்றிய கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது, போட்டோ அனுப்பினேன், ஆறு வாரத்தில் 90 பவுண்டு வந்தது. கிரைண்டரின் அடிப்பாகத்தில் ஒரு கால் விரிசல். அதற்குச் சல்லிக்காசு கிடையாது, ஏனென்றால் வீட்டுக்காரர்களே கட்டிய பெட்டிக்குக் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. உங்களுக்கு எதன் மேல் உயிரோ, அதை அவர்கள் கையால் கட்ட வையுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் கட்ட வையுங்கள். காலுக்கடியில் மடித்த துணி வைத்து இப்போதும் அரைக்கிறேன். பிளக்கை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. உருண்டைப் பின் மூன்றோடு இந்தியாவில் பிறந்தது, இங்கிலாந்தின் 13 ஆம்பியர் பியூஸ் வைத்த தட்டைப் பின் பிளக்குக்கு மாறி, ஸ்பெயினில் இரட்டைப் பின்னாகி, மறுபடி தட்டைப் பின் ஆகியிருக்கிறது. மின்சாரம் என்னவோ மூன்று நாட்டிலும் ஒரே 230 வோல்ட்தான்.

அந்த ஆறு பெட்டியை இவர் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திறந்தார். டீப்பாட்டுக்குள் கவர். கவருக்குள் ஊருக்குத் திரும்பும் அன்று கைச்செலவுக்கு என்று 2013-ல் எடுத்து வைத்த நாலு இருபது பவுண்டு நோட்டு, ஆடம் ஸ்மித் படம் போட்டவை. கூடவே ஏழெட்டு ஒரு பவுண்டு காசும், ஒரு அட்டை முதல் வகுப்புத் தபால்தலையும். காகித இருபது பவுண்டு நோட்டு 2022 செப்டம்பரோடு செல்லாமல் போனது. பழைய வட்டமான பவுண்டு காசு போனது 2017 அக்டோபரில். பார்கோடு இல்லாத அன்றாடத் தபால்தலை 2023 ஜூலை வரைதான். மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, பர்ஸிலிருந்த ஸ்பெயின் குடியிருப்பு அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இதுல செல்லுறது இது ஒண்ணுதான்" என்றார். ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ச்சியாக ஸ்பெயினை விட்டு இருந்தால்தான் அந்த உரிமை போகும். நோட்டுகளை பேங்க் ஆஃப் இங்கிலாந்து எப்போது கொடுத்தாலும் மாற்றித் தரும், தபால்தலையை ராயல் மெயிலுக்கு அனுப்பினால் பார்கோடு போட்டது வரும். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். அனுப்பத் தபால்தலை வேண்டுமா என்று கேட்டார்.

இந்தக் கம்பெனியை மறுபடி கூப்பிடுவேனா? கூப்பிடுவேன், ஆனால் தெருவின் அகலத்தை எழுத்தில் கொடுத்து, அதற்கான காசையும் சேர்த்து விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு. தேதி முக்கியம் என்பவர்கள், குழந்தைகள் வைத்திருப்பவர்கள், பகிர்வு லோடு பக்கமே போகாதீர்கள், கடன் வாங்கியாவது தனி லாரி எடுங்கள். இரண்டு பேர், அவசரமில்லை, காற்று மெத்தை தாங்கும் முதுகு இருக்கிறது என்றால் பரவாயில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. வரிச் சலுகையில் கொண்டுவந்த சாமானை வந்து 12 மாதத்துக்கு விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் கொடுக்கவோ கூடாது. ஜனவரியில் பக்கத்து வீட்டுக்காரர் கூரைக் குழாயில் அடைத்த இலையை எடுக்க எங்கள் அலுமினிய ஏணியைக் கேட்டார். பட்டியலில் 112-ஆவது சாமான் அது. இவர் வாசலில் நின்றபடியே விதியை விளக்கிச் சொல்லி, அப்புறம் தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், தானே ஏறி, மழையில் அந்த இலையை எல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு வந்தார். காலண்டரில் நவம்பரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டு "ஏணி" என்று எழுதி வைத்திருக்கிறார். இன்னும் நாலு மாதம் இருக்கிறது.